குழாயிலிருந்து நேராக ஊற்றவும்

கீழ்வீட்டு அம்மா தன் மீன்தொட்டிக்காக எழுதிவைத்துவிட்டுப் போன தாளில் ஐந்தாவது வரியைப் படித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. "தண்ணீர் மாற்றும்போது குழாயிலிருந்து நேராக ஊற்றவும், லேசான வெதுவெதுப்பில்."

நேராகவா? நான் சென்னையில் கொளத்தூர்க்காரி. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு வண்ணமீன் வியாபாரம். குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது நிற்கவைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் மீனுக்கு ஊற்ற வேண்டும் என்பது அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். முப்பது வருடம் இந்த ஜெர்மன் ஊரான டிரெஸ்டனில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவர்மேல் அன்றே ஒரு கோபம்.

அவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நடை பழக்கும் மையத்தில் தங்க வேண்டும். மொத்தம் ஐந்து வாரம். சாவியை என் கையில் கொடுக்கும்போது தொட்டியின் மூலையில் ஒட்டிக்கிடந்த பழுப்பு நிறக் கெளுத்தியைக் காட்டினார். "நான் ஓய்வு பெற்ற அன்று இவனை வாங்கினேன். ஒன்பது வயதாகிறது. மற்றவர்களுக்கு என்ன ஆனாலும் இவனை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

"அதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுச் செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பேன். அம்மா கட்டாயப்படுத்தி, உள்ளே ஊறுகாய் பாட்டில்களை அடைத்து, விமானத்தில் ஏற்றிய குடம். வீட்டிலிருந்த ஒரே வாளி தரை துடைக்கிற வாளி, சோப்பு நாற்றம். குடம் சுத்தம். அதில் நின்ற தண்ணீரைத்தான் நானும் அறைத்தோழியும் குடிக்கிறோம். சனிக்கிழமை காலை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, தொட்டியில் மெல்லச் சாய்ப்பேன். தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு படி மேலாகக் கவனிக்கிறோம் என்ற பெருமை வேறு.

முதல் வாரம் சிவப்பு இறால்கள் போயின. சின்ன இறால்கள், விரல் நகத்தளவு. அடுத்து நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்தன. மீன் செத்தால் முதலுதவி தண்ணீர் மாற்றுவது. மாற்றினேன், வாரத்துக்கு ஒரு குடம் என்பது நாளுக்கு ஒரு குடமாயிற்று. நியான் மீன்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மல்லாந்தன. பதினான்கு, ஆறு ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அம்மா போன் செய்வார். "எல்லோரும் நலமா?"

"நலம்" என்பேன். பிறகு போனை வைத்துவிட்டு யாரையாவது திட்ட வேண்டும்போல் இருக்கும்.

முதலில் மாட்டியது அறைத்தோழி. நான் கீழே போக முடியாத நாளில் தீனி போடப் போகிறவள் அவள். குளித்து, ஊதுபத்தி ஏற்றி, அதே கையோடு போகிறவள்.

"உன் ஊதுபத்திச் சாம்பல்தான்டீ. கையைக் கழுவுறதே இல்ல."

"ஆமா, நான்தான் கொலைகாரி. கோர்ட்டுல சொல்லு" என்றாள். அன்றிலிருந்து கீழே போவதையே நிறுத்திவிட்டாள்.

அடுத்தது மீன்கடைக்காரர். தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்துப் போயிருந்தேன். வழக்கமான சோதனைகளைச் செய்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, வார்த்தை வார்த்தையாகப் பிரித்துக் கேட்டார்: "உங்கள் ஊரில் மீன் வளர்ப்பார்களா, சாப்பிடுவார்களா?"

"இரண்டும்."

"அப்படியானால் தீனி அதிகம் போடுகிறீர்கள்."

அளந்து போடுகிறவளிடம் இந்தப் பேச்சு. வீடு வரும்வரை டிராமில் மனதுக்குள் அவருக்கு நல்ல ஜெர்மன் இலக்கணத்தில் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நோய்தான், கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் என்று முடிவு கட்டினேன். மிச்சமிருந்த ஆறு நியானையும் கெளுத்தியையும் ஒரு புது வாளியில் விட்டு, மேலே எங்கள் குளியலறைக்குத் தூக்கிவந்து, காற்றுக்குழாயைப் போட்டேன். தொட்டியைக் காலி செய்தேன். கூழாங்கற்களைக் குழம்புச் சட்டியில் கொதிக்கவைத்தேன். வடிகட்டியின் பஞ்சைத் தூக்கி எறிந்தேன். கண்ணாடியைத் துடைக்க மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டால், கடைப் பெண்மணி எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று விசாரணை. மீனுக்கு என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. வலை, குழாய், வெப்பமானி, தொட்டி மூடி எல்லாவற்றையும் முக்கி, அலசி, இரண்டு நாள் காயவைத்தேன். அந்த வேகத்தில் குடத்தையும் விடவில்லை. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் அது புதுமணப்பெண் நகைபோல் மின்னியது. பிறகு தினமும் ஒரு குடம் நிற்கவைத்து, தொட்டியை நிரப்பினேன். குடம் தொட்டிக்கு வேலை செய்துகொண்டிருந்ததால் வாளிக்கு வேறு வழியில்லை, தினமும் குழாயிலிருந்து நேராகத்தான்.

மீன்களை விடுவதற்கு முன் ஐந்து இறால்களை வாங்கிவந்து தொட்டியில் விட்டேன். மறுநாள் காலை ஐந்தும் ஒருக்களித்துக் கிடந்தன.

கொதிக்கவைத்தாயிற்று, கொன்றாயிற்று, காயவைத்தாயிற்று, இனி எந்தக் கிருமி? மேலே வந்து எங்கள் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வாளியில் கெளுத்தி எதுவும் நடக்காததுபோல் சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. ஆறு நியானும் ஆறாகவே இருந்தன. இந்த வாளியில் வடிகட்டி இல்லை, செடி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று கத்தினேன். சத்தம் மாடிப்படிவரை கேட்டிருக்க வேண்டும். அறைத்தோழி வந்து வாசலில் நின்றாள்.

"வாளிக்குத் தண்ணி எங்க பிடிச்ச?"

"குழாயில."

"தொட்டிக்கு?"

கேட்டுக்கொண்டே அவள் சமையல்கட்டு மேடையில் அன்றைய தண்ணீரோடு நின்ற குடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பல்கலைக்கழகத்தில் என் வேலை என்ன தெரியுமா? உலோகத் துண்டுகளைத் தண்ணீரில் முக்கிவைத்து, எவ்வளவு கரைகிறது என்று அளப்பது. அரிப்புதான் என் ஆய்வு. செம்பில் நின்ற தண்ணீரில் கிருமி சாகும் என்று சொல்லிச் சொல்லியே குடித்தவள், அதே தண்ணீரில் இறாலும் சாகும் என்று ஒரு கணம் யோசிக்கவில்லை. இந்த ஊர்க் குழாயில் குளோரின் வாடையே வருவதில்லை என்பதையும் ஒருநாள்கூட முகர்ந்து பார்க்கவில்லை. புளி போட்டு மேற்படலத்தை உரித்து இன்னும் நன்றாகக் கரையவும் விட்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஊரையெல்லாம் திட்டியவளுக்குத் தன்னைத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

செம்புக்கென்று தனிச் சோதனை இருக்கிறது. தொட்டித் தண்ணீரோடு கடைக்காரரிடம் மறுபடி போய் நின்றேன். குப்பியில் ஏறிய நிறத்தைப் பார்த்து இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. "கட்டடம் பழையதா? குழாய்கள் செம்பாக இருக்கும்" என்றார்.

எவ்வளவு வசதியான பதில். கட்டடத்தின்மேல் போட்டுவிடலாம். அந்த அம்மாவும் நம்பியிருப்பார். ஆனால் அதே கட்டடத்தின் குழாய்த் தண்ணீரில்தான் அவருடைய கெளுத்தி ஒன்பது வருடம் இருந்திருக்கிறது, அதே தண்ணீர் நிறைந்த வாளியில்தான் இப்போதும் இருக்கிறது. அதற்குமேல் அந்தப் பொய்யை என்னால் நினைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"எல்லோரும் நலமா?"

"இல்லை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இறால், நத்தை, நியான், குடம், முன்பு சொன்ன பொய்கள்.

அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என் தாளில் ஐந்தாவது வரி புரியவில்லையா?"

"புரிந்தது. நம்பவில்லை."

"பழையவன்?"

"வாளியில் இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான்."

"அங்கேயே இருக்கட்டும். நான் வரும்வரை தயவுசெய்து எதையும் சுத்தம் செய்யாதீர்கள்." வைத்துவிட்டார். கோபமா சிரிப்பா என்று குரலில் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்தில் நின்றிருந்த அறைத்தோழி விரலை நீட்டினாள். "என் ஊதுபத்திக்கு ஒரு சாரி."

சொன்னேன். "தண்ணி மாத்தணும், வாளியத் தூக்கு" என்றாள்.

குழாயைத் திறந்து, வெதுவெதுப்புக்குத் திருப்பி, ஒரு பாத்திரத்தில் நேராகப் பிடித்தேன். வாளிக்குள் ஊற்றும்போது கை ஒரு நொடி நின்றது. கண் முன்னே கெளுத்தி உயிரோடு இருக்கிறது, எல்லாம் தெரிந்துவிட்டது, அப்படியும் நின்றது. அந்தக் கையின்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.