இன்னொரு மாட்டின் எச்சில்

எச்சில் பார்ப்பதில் என் மாமியாரை மிஞ்ச மொரப்பூர்ப் பக்கத்தில் ஆளே கிடையாது. டம்ளரில் என் உதடு பட்டால் போதும், புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்.

எண்பதுகளில், நான் கல்யாணமாகி வந்த முதல் மாட்டுப் பொங்கல். தெருவே வந்து எங்கள் கறவை மாட்டுக்குச் சர்க்கரைப் பொங்கலை ஊட்டியது. நானும் ஒரு சட்டி வைத்தேன். மறுநாள் மாடு படுத்துவிட்டது. அசை போடவே இல்லை. அதன் பாலில்தான் வீடு ஓடியது.

கால்நடை டாக்டர் சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார்.

"சோறு புளிச்சு, வயித்துல நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சுங்க. நல்லா அசை போடற மாட்டு வாயில இருந்து அது மெல்லுற உருண்டைய எடுத்து இதுக்குக் குடுங்க. அந்தக் கிருமி இங்க பெருகும்."

நான் மாமியாரின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

அடுத்த தெரு ஆரோக்கியமேரி தன் மாட்டின் வாயில் கைவிட்டு எடுத்த பச்சை உருண்டையை இலையில் ஏந்தி ஓடிவந்தார். அந்தக் கிறித்தவ வீட்டில் மாமியார் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துருங்கக்கா."

மாமியார் அதை வெறுங்கையால் வாங்கி எங்கள் மாட்டின் வாய்க்குள் திணித்தார்.

"முழுங்கு சாமி, முழுங்கு."

மேரி தினமும் கொண்டுவந்தார். ஒரு காலையில் எங்கள் மாட்டின் தாடை மெல்ல அசைந்தது. மாமியார் தன் டம்ளரிலேயே காப்பி கொண்டுவந்தார். மேரி அண்ணாந்து ஊற்றப் போனார்.

"வாய வெச்சே குடி மேரி, சுடுது."

இன்று ஒருவர் குடலின் நல்ல கிருமிகளை இன்னொருவருக்குக் கொடுக்கும் வைத்தியத்தைப் பற்றிச் சொன்னால் வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வருகிறது. மாமியார் அதைத் தேய்க்கச் சொல்லவே இல்லை.