வெள்ளிக்கிழமை வந்த மீன்பெட்டி

பொலிசார் நிலையத்தை விட்டு வெளியே வராத காலம் அது. எங்கள் தீவில் பட்டப்பகலிலேயே கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். நாங்கள் கடற்கரை ஊரைச் சந்தேகித்தோம், அவர்கள் எங்களை. கடைசியில் வேறு வழியில்லாமல் இரண்டு ஊராரும் மாதா கோயில் மண்டபத்தில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எங்கள் அம்மன் கோயில் மணி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் அவர்கள் ஓடி வரவேண்டும். அவர்களுடைய மாதா கோயில் மணி அடித்தால் நாங்கள். பிடிபட்டவனை யாரும் அடிக்கக்கூடாது. களவுபோன பொருள் கிடைத்தால், எங்கே கிடைத்தது என்று எழுதிய கடிதத்தோடு உரிய வீட்டில் சேர்க்கவேண்டும். நான் பள்ளிக்கூட ரீச்சர், கையெழுத்து நல்லது என்று ஒப்பந்தத்தையும் கடிதத்துக்கு ஒரு மாதிரியையும் எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அடுத்த மாதமே எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு களவுபோனது. அந்த வெள்ளிக்கிழமை காலை, சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவன் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, ஒவ்வொரு வீட்டு வளவாக எட்டிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் யாரும் மீன் வாங்குவதில்லை. எந்த மீன்காரனும் அன்று வரமாட்டான். பிறகு இவனுக்கு இங்கே என்ன வேலை? என் வாய் சும்மா இருக்கவில்லை. கள்ளன் என்று கத்தினேன்.

ஓடிவந்தவர்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள். என் விளக்கு உருண்டது. அதற்குமேல் யார் கேட்பார்கள்? அவன் சட்டைப்பையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அடியில் வலது கை முறிந்த பிறகுதான் அதற்குள் இருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்கள். பற்றைச் செடிகளுக்குள் கிடந்த விளக்கு, ரீச்சர் வீட்டில் ஒப்படைக்கவும் என்று கடற்கரை ஊரார் எழுதியிருந்தார்கள். கடிதம் எப்படி எழுதவேண்டும் என்று நான் எழுதிக் காட்டிய அதே மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனோம். கையைக் கட்டித் தொங்கவிட்டபடி கதிரையில் உட்கார்ந்திருந்தான். இனி வலை இழுக்க ஏலுமோ தெரியாது என்று மனைவி சொன்னாள். நான் வெள்ளிக்கிழமை பார்த்து ஏன் வந்தீர் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் கேட்கிற கேள்வியா அது?

"வெள்ளிக்கிழமை விளக்கில்லாமல் இருப்பியள் எண்டுதான், ரீச்சர், அண்டைக்கே கொண்டுவந்தனான்."



இரண்டு வாரம் ஆவதற்குள் அடுத்த வீட்டுக்குள் கொள்ளையர் கத்தியோடு புகுந்தார்கள். கோயில் மணியை விடாமல் அடித்தோம். நான் வாசல் படலையில் நின்று கடற்கரை றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. அன்றும் வெள்ளிக்கிழமை. உள்ளே அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.