ஷெர்ரி ஊற்றிய கோழிக் குழம்பு

பின்புறக் குழாயடியில் நின்று அக்கா உள்ளங்கையில் புளியைத் தேய்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெசன்ட் நகரில் நான் மாடியில் குடியிருந்தேன். கீழ்வீட்டில் சமைக்க ஊரூர் குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர் அக்கா. மீன் வாடையைப் பொருட்படுத்தாதவர், அன்று விரல்களைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தார். வீட்டுக்காரம்மா இங்கிலாந்தில் வெகுகாலம் இருந்து திரும்பியவர். அங்கிருந்து உறவினர்கள் கொண்டுவரும் ஷெர்ரியை, அதாவது பிராந்தி சேர்த்து வீரியம் கூட்டிய திராட்சை ஒயினை, காளானும் பாலேடும் போட்ட கோழிக் குழம்பில் ஊற்றச் சொல்வார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் இது உண்டு.

“என் ஊட்ல அவரு ஊத்திக்கினாரு, இந்தம்மா கோழிக்கு ஊத்துது. கோழி எந்தப் பொண்டாட்டிய அடிக்கப் போவுது, வுடு” என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

அவர் கணவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். இனி குடித்தால் ஈரல் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து வலைகளின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய குழம்பை வீட்டுக்காரம்மா தூக்கில் ஊற்றிக் கொடுப்பார். அதை அவருக்குப் போடலாமா என்பதுதான் அக்காவின் கவலை. கொதித்தால் சாராயம் போய்விடும், வாசனைதான் நிற்கும் என்று வீட்டுக்காரம்மா சொன்னது அவருக்குப் போதவில்லை. “நீ பேப்பர்ல வேல செய்ற ஆளு. நீ சொல்லு நைனா, மெய்யாலுமே பூடுமா?”

வேலை முடிந்து வந்த அலுப்பில் நான் பாதிப் படி ஏறியிருந்தேன். “போயிடும்க்கா, சூட்டுல நிக்காது” என்றேன். குழம்பில் அதை எப்போது ஊற்றுகிறார்கள் என்று கேட்கவில்லை.

அக்கா கொண்டுபோனார். கணவர் தட்டை வழித்துச் சாப்பிட்டதாகச் சொன்ன நாளில் அக்காவின் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு, ஞாயிறு அல்லாத ஒரு நாள் காலை, அவர் வாசல் கேட்டில் வந்து நின்றார். “அந்த இங்கிலீசு குழம்பு கீதுங்களாம்மா?” என்றார். வெளுத்த சட்டை, கை கேட்டுக் கம்பியை விடவில்லை. “பிச்சக்காரன் மாதிரி இன்னாத்துக்கு வந்து நிக்கிற? நட” என்று அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வாரமே அவர் பிராந்திக் கடைக்குப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் இறந்துவிட்டார்.

பிறகு அலுவலக நூலகத்தில் ஒரு சமையல் புத்தகத்தைப் புரட்டும்போது படித்தேன்: கொதித்தாலும் முழுதாகப் போகாது, இறக்கும் நேரத்தில் ஊற்றினால் பெரும்பகுதி தங்கிவிடும். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். “பாதி முதல்ல, பாதி அடுப்பை அணைச்சப்புறம். இல்லேன்னா மணமே இருக்காதே” என்றார். குழம்புதான் அவரைத் திரும்பக் குடிக்க வைத்தது என்று என்னால் நிறுவ முடியாது. குழம்பே இல்லாமலும் அவர் சறுக்கியிருக்கலாம். இருந்தாலும் சொல்லிவிடுவது என்று குப்பத்துக்குப் போனேன்.

அக்கா வேலையை விட்டுவிட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார். “மருமவ வெள்ளக்காரன் குழம்ப ஊட்டி எம்புள்ளயக் கெடுத்தான்னு மாமியா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீது. நீதான சொன்ன நைனா, சூட்டுல பூடும்னு. அத்த நெனச்சிக்கினுதான் படுக்குறேன். அவராதான் போனாரு, அவராதான் குட்ச்சாரு. இன்னா நைனா, சரிதான?”

“ஆமாக்கா” என்றேன். ஒரு கூறு சங்கரா மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அதன்பின் பல வருடங்கள் பத்திரிகையில் இருந்தேன். பெயரில் பிழை, தெருவில் பிழை என்று எத்தனையோ திருத்தங்கள் வெளியிட்டிருக்கிறேன். இந்தத் தவறை மட்டும் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை தெரியாமல், இரண்டாம் முறை தெரிந்தே. அக்காவுக்கு இப்போது எழுபது ஆகிறது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். பழி சொல்ல வேறு யாருமில்லை என்றாலும், பார்க்கும்போதெல்லாம் அக்கா ஒருமுறையாவது “சரிதான நைனா?” என்று என்னிடம் கேட்டுவிடுகிறார். நானும் ஆமாம் என்கிறேன்.