திறந்து கிடந்த படல்

படலைத் திறந்தவர் மூட வேண்டும். இதை வளர்ந்த மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது என் தப்பு. மூடாதது அவர்கள் தப்பு. செத்தது ஒரு தப்பும் செய்யாத சினைமாடு.

பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் ஊர். ஒரு மில்லில் துணி சரிபார்க்கும் வேலை எனக்கு. சில வருடங்களுக்கு முன்பு பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பருத்த டயர், முன்னால் சஸ்பென்ஷன். நாற்பது வயதுப் பொம்பளைக்கு இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இட்டேரி தொடங்குகிறது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண்பாதை. அது காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கும். ஓடையைத் தாண்டினால் கொறங்காடு. அதற்கப்பால் கரடு, வெறும் பாறைக் குன்று. அந்தப் பாறையில் ஏறி மறுபக்கம் இறங்கும் இரண்டு நிமிடத்தில் எனக்கு மில் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, எதுவும் இல்லை.

கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, கரட்டுப் பக்கம் மட்டும் பாறையே வேலி. மாட்டை உள்ளே விட்டுவிட்டுச் சொந்தக்காரர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். மேய்க்க ஆள் கிடையாது. வேலிதான் ஆள். மாடு போக வர இட்டேரிப் பக்கம் ஒரே வழி, அதை அடைக்க மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய ஒரு படல்.

அந்தக் காட்டுக்காரர்களிடம் என் அம்மா கூலி வேலை செய்தவர். வேலைக்குப் போகும்போது தவிர எங்கள் ஆட்கள் அந்தப் படலைத் தொட்டதில்லை. வீட்டுக்காரப் பெண்ணை அம்மா ‘பண்ணாடிச்சி’ என்றுதான், எசமானி என்ற பொருளில், கூப்பிடுவார். காட்டின் ரோட்டுப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்கு நான் நேராகப் போய், “ஏனுங்க்கா, உங்க காட்டுக்குள்ள சைக்கிள்ல போயிக்கட்டுங்களா?” என்று கேட்டேன். அக்கா என்றதற்கு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“சைக்கிள் ஓட்டறதுக்கு ரோடு இல்லியா அம்மணி உனக்கு?”

“ரோட்டுல லாரிக்காரன் ஓட்டறானுங்க்கா.”

சிரித்துவிட்டார். “செரி, போ. படல மட்டும் சாத்திப்போட்டுப் போ.”

அதைச் சொன்னதற்கு எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரியாதா என்ன?

கோயமுத்தூரில் ஒரு சைக்கிள் கூட்டத்தோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. பாதிப் பேர் சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். மலையடிவாரத்தில் ஒருநாள் அவர்களில் ஒருவர் கேட்டார்: “பெருந்துறையா? அங்க என்னங்க இருக்கு, சாயத்தண்ணியும் பொகையுந்தானே?”

“வந்து பாத்துப்போட்டுப் பேசுங்க” என்றேன்.

நாலு பேர் வந்தார்கள். படல் வந்ததும் நான் முதலில் இறங்கி, அதைத் தூக்கி ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் போன பிறகு சாத்திவிட்டுக் கடைசியாக ஏறினேன். ஒருவர் பிடிக்க வந்தார். “நீங்க போங்க, விருந்தாளிய வேலை வாங்குவாங்களா?” என்று அனுப்பிவிட்டேன்.

“கதவு தொறக்க ஆள் போட்ட ஓட்டல் மாதிரி இருக்குங்க மேடம்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே நடந்தது. அவர்களில் ஒருவர் கையும் அந்தப் படலில் படவில்லை. வந்தவர்களுக்கு மரியாதை செய்வதாக நான் நினைத்துக்கொண்டேன். பிறகு வழியைக் கேட்டார்கள். போனில் தடத்தைப் பதிவு செய்து அவர்களுடைய குரூப்பில் போட்டேன். பாறை எங்கே வழுக்கும், டயரில் முள் எங்கே ஏறும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எல்லாம் எழுதினேன். ‘நடுவில் ஒரு படல் வரும், திறந்து போகலாம்’ என்றும் எழுதினேன். அக்கா எனக்குச் சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மில்லில் ஓவர்டைம். பத்து மணிக்கு அக்கா போன் செய்தார்.

“அம்மணி, உங்க சைக்கிள்காரங்க வந்தாங்களா?”

“தெரியலீங்க்கா. நான் மில்லுல இருக்கறேன்.”

“படலு தொறந்து கெடக்குது. வெள்ளை மாட்டக் காணோம்.”

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போவதற்குள் மாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். பக்கத்துக் காட்டில் முழங்கால் உயரத்துக்குச் சோளம். மழை இல்லாமல் வாடி நின்றது. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம், இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மாடு அதற்குள் விழுந்து கிடந்தது. வாயில் நுரை. கால் இழுத்துக்கொண்டிருந்தது. ஏழு மாதச் சினை. மாட்டு டாக்டர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் வந்தபோது ஊசி போட மாட்டில் உயிர் இல்லை.

அங்கேயே நின்று குரூப்பில் இருந்த ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். ஓட்டல் என்று சொன்ன அதே ஆள்.

“படலை ஏங்க சாத்தல?”

“பன்னெண்டு பேர் வந்தோம் மேடம். பின்னாடி வர்றவங்க சாத்துவாங்கன்னு... எப்பவும் நீங்கதானே கடைசியா வருவீங்க?”

கண்டபடி திட்டினேன். எழுத முடியாத வார்த்தைகள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. குரூப்பில் நடந்ததை எழுதினேன். அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன. கூடவே ஒருவர், அடுத்த வாரம் வேறு எங்கே போகலாம் என்று கேட்டிருந்தார். நான் எழுதியதை அழித்தேன். தடத்தையும் அழித்துவிட்டுக் குரூப்பை விட்டு வெளியே வந்தேன். ஏற்கனவே இறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து அதை எப்படி அழிப்பது?

அழிக்க முடியாது. மறுநாள் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ வாரதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லல அம்மணி. யாரு யாரோ வந்தா நான் எங்க போயி காவலு நிக்கறது?”

“அடைச்சுப்போடலாமுங்க்கா. மாட்ட ரோட்டுப் பக்கமா ஓட்டிக்கலாம். அங்க வேலியில வழி விட்டு, பூட்டுப் போட்டு இரும்புக் கதவா வெச்சுக்கலாம்.”

“அப்பறம் நீ எப்படிப் போவ?”

அரிவாளை வாங்கிக்கொண்டு போய் வேலாமுள் வெட்டினேன். அவர் உள்ளே நின்று இழுத்துக் கொடுத்த முள்ளையும் சேர்த்து, படல் இருந்த இடத்தை ஆள் உயரத்துக்கு அடைத்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி முள்ளை வைத்தபோது நான் வெளிப்பக்கம் நின்றிருந்தேன்.

“தண்ணி குடிச்சுப்போட்டுப் போ” என்று முள்ளுக்கு மேலே சொம்பை நீட்டினார். எட்டி வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முழங்கையெல்லாம் கீறல். அவர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இனி தார் ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும். நான் இன்னும் போகவில்லை.