மண்குடம் இல்லாத வீடு

மருதமுனையில் நெசவுக்காரன் ஸஜாத் என்று விசாரித்தால், "எந்த ஸஜாத்?" என்பார்கள். கிளினிக் மாப்பிள்ளை என்றால் தெருவே வழிகாட்டும். கர்ப்பிணிகள் வகுப்பில், பெண்கள் நிறைந்து அமர்ந்திருக்கும் நீள வாங்கின் ஓரத்தில் அவனும் இருப்பான். மருத்துவமாது ஜுனைதா கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குவதும் அவன்தான்.

காரணம் இருந்தது. மனைவி ஆகிலாவுக்கு முதல் பிள்ளையின்போது பன்னீர்க்குடம் உடைந்ததும், வலி வரட்டும் என்று வீட்டிலேயே காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிந்திவிட்டது. பிள்ளை தங்கவில்லை. இந்தமுறை ஜுனைதா சொல்லித்தந்ததை, தறியில் நாடா ஓடும் தாளத்துக்கே அவன் சொல்லிப் பழகினான்: "குடம் ஒடஞ்சா வலிக்கு நிக்காத. குடம் ஒடஞ்சா வலிக்கு நிக்காத."

மாதம் நிறைந்துவந்த ஒரு பின்னேரம், கிணற்றடியிலிருந்து ஆகிலாவின் தாய், மாமி சபூறா கத்தினார்.

"அல்லாஹ்வே! குடம் ஒடஞ்சிட்டே!"

ஸஜாத் தறிக் கிடங்கிலிருந்து பாய்ந்தான். காலில் நூல் சுற்றிக்கொண்டு வந்தது. குசினியில் உப்புத் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்த ஆகிலாவை அப்படியே தூக்கி, பக்கத்து வீட்டு மசூரின் ஓட்டோவில் வைத்தான்.

"எனக்கு ஒண்டுமில்ல, உடுங்க!"

"கதைக்காத புள்ள! மூச்ச இழுத்து உடு!"

மாமி கையில் உடைந்த துண்டுடன் பின்னால் ஓடிவந்தார். "மண்குடம் மனே! மண்குடம்!" ஓட்டோ இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

ஆஸ்பத்திரியில் தாதிமார் சிரித்து ஓய்ந்தபோது ஆகிலாவின் கையில் பாதி மாங்காய் மிச்சமிருந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்த ஜுனைதாவும் சிரித்தார்.

"இப்பிடி எத்தின தரமும் போங்க ஸஜாத். ஒருக்காவும் பிந்தப்படாது."

மசூர் விடவில்லை. "மச்சான், எங்கட வீட்டுச் சட்டியும் விரிஞ்சிட்டு. ஓட்டோவ எடுக்கவா?"

வெட்கம் ஒருபக்கம் இருக்க, ஸஜாத்துக்கு வேறொரு பயம் பிடித்தது. அடுத்தமுறை சத்தம் கேட்டால், எந்தக் குடம் என்று யோசித்துக்கொண்டு நின்றுவிடுவோமோ? உடனே கல்முனைச் சந்தைக்குப் போய் அலுமினியக் குடங்கள் வாங்கிவந்தான். வீட்டிலிருந்த மண்குடங்கள் எல்லாம் மசூர் வீட்டுக்குப் போயின.

"என்ட குளிர்ந்த தண்ணி போச்சே!" என்றார் மாமி.

"இனி இந்த வீட்டில ஒடையக்கூடிய குடம் ஒண்டுதான் மாமி."

அடுத்த கிழமை ஒரு காலையில் ஆகிலா அறைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்க. குடம் ஒடஞ்சிட்டு."

"வலிக்குதா?"

"இல்ல."

அவன் ஏற்கெனவே வாசல் படலையில் நின்றான். மசூர் பல்துலக்கியபடி கேட்டான்: "இது எந்தக் குடம் மச்சான்?"

"அலுமினியம் ஒடையுமாடா? எடு வண்டிய!"

அன்று பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னரே மகள் பிறந்தாள். அவள் போட்ட சத்தம் வார்டு வாசலில் நின்ற ஸஜாத்துக்கே கேட்டது. மசூரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினான். காவலாளி வந்து பிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி ஒரு சின்னக் கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். "புள்ள பெத்தவளுக்கு இவ்வளவுதான் மனே. கூடக் குடிச்சா வயிறு ஊதும்."

"ஜுனைதா மிஸ் சொன்னவ மாமி, பால் குடுக்கிறவ தாகம் தீரக் குடிக்கணுமாம்."

சொல்லிவிட்டு, கொதித்தாறிய நீர் நிறைந்த அலுமினியக் குடத்தையே தூக்கிவந்து கட்டிலருகே வைத்தான்.

"என்ன, குடத்தோட குடிக்கவா?" ஆகிலா சிரித்த சிரிப்பில் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.