பதினெட்டடிக்குப் பத்தாத கட்டைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கைப்பேசி ஒலித்தது. இலுப்பூரிலிருந்து முருகேசன். “சார், ராஜாத்தி விடியக்காலையில போயிட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு” என்றார். மனைவியை அவர் எப்போதும் மரியாதையாகத்தான் குறிப்பிடுவார்.

அம்மையார் சிறுநீரகம் பழுதாகி ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை. ஏன் போகவில்லை என்பதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொறியாளர் ராஜாத்தி அம்மையாருக்கு இலுப்பூர் கடைத்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சிறிய அலுவலகம் இருந்தது. வீட்டு வரைபடம் போடுவார். பழைய கட்டடங்களைச் சோதித்து உறுதிச் சான்று தருவார். என் தங்கை வீடு கட்டியபோதுதான் எனக்கு அறிமுகமானார். மாடித் தளத்துக்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு வந்தவர், கம்பி குறைவாக இருப்பதைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்.

“அதெல்லாம் தாங்கும்மா” என்றார் மேஸ்திரி.

“எதை வச்சுத் தாங்கும்னு சொல்றீங்க? எழுதிக் காட்டுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

அதில் கேலி இல்லை. உண்மையாகவே நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

அப்போது நான் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில் சிறிய நர்சரி பள்ளி நடத்திவந்தேன். சொந்தக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்ட ஒரு பழைய மச்சு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம் அது. இடம் போதாமல், இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே வகுப்பாக்கினேன். கட்டைகள் இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே துண்டாக ஓடுவதால் ஒன்றும் ஆகாது என்றார் கொத்தனார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்க உறுதிச் சான்று தேவைப்பட்டது. தெரிந்தவர் என்று அம்மையாரை அழைத்தேன். அவர் வந்து, கட்டைக்கு ஆறு அங்குலம் கீழே சுவருக்குச் சுவர் நூல் கட்டச் சொன்னார். ஓரத்தில் ஆறு அங்குலம் இருந்த இடைவெளி நடுவில் நாலுதான் இருந்தது; கட்டை அவ்வளவு தொய்ந்திருந்தது.

“நடுச்சுவர எப்ப சார் எடுத்தீங்க?”

“போன லீவுல.”

“இந்தக் கட்டை ஒம்பதடிக்குப் போட்டது. இப்ப பதினெட்டடிக்குத் தொங்கிக்கிட்டு நிக்குது. தூரம் ரெண்டு மடங்கானா, கட்டைய வளைக்கிற சக்தி நாலு மடங்காகும். மரம் நல்ல மரம்தான். ஆனா இந்தக் கனம் பத்தாது.”

“தேக்கு மேடம். நூறு வருஷமா நிக்குது.”

“நூறு வருஷமும் சுவரு இருந்துச்சுல்ல?”

குறுக்கே இரும்பு உத்தரம் கொடுக்கச் சொன்னார். “அதுவரைக்கும் பிள்ளைகள இங்கிட்டு உக்கார வைக்காதீங்க” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே கணக்கை எழுதி, சான்று தர இயலாது என்ற கடிதத்தோடு அனுப்பினார். நான் அதை மேசைக்குள் போட்டு மூடினேன். வேறொருவர் கட்டடத்தைப் பார்க்காமலே சான்று கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. சுண்ணாம்புத் தளம் நீரைக் குடித்துக் கனத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் சாப்பிடத் தாழ்வாரத்துக்குப் போன சற்று நேரத்தில் தளம் இறங்கியது. உள்ளே ஆயா பாக்கியம் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செங்கல்லைக் கையால் அள்ளினோம். அவர்மேல் கிடந்த கட்டையை ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். உயிர் இல்லை.

அன்று மாலை நான் போனது பாக்கியத்தின் வீட்டுக்கு அல்ல, இலுப்பூருக்கு.

“மேடம், அந்த லெட்டர் நகல் ஒங்ககிட்ட இருக்கும். யாராவது கேட்டா...”

அம்மையார் என்னை முடிக்க விடவில்லை. “யாரும் கேக்க வேண்டாம் சார். நானே போலீஸ்ல கொண்டுபோய்க் குடுக்கப் போறேன்.” பிறகு தாழ்ந்த குரலில், “எம்மேலயும் தப்பு இருக்கு. முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னேன். அங்க பிள்ளைக உக்காந்திருக்குன்னு தாலுகா ஆபீஸ்ல போயிச் சொல்லல. அதையும் சேத்துத்தான் எழுதுவேன்” என்றார்.

அப்படியே எழுதினார். நான் சிறைக்குப் போனேன். பள்ளி மூடப்பட்டது.

அதன்பின் எந்தக் கட்டடத்துக்குச் சான்று மறுத்தாலும், அந்தக் கடிதத்தின் நகலை அவரே தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் கொடுத்தார். கட்டட உரிமையாளர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மாடி அலுவலகம் பல நாள் பூட்டியே கிடந்தது. பாக்கியத்தின் மகள் செல்வி வீடு கட்டியபோது வரைபடம் போட்டுக்கொடுத்து, ஒவ்வொரு தளம் போடும்போதும் வெயிலில் நின்றிருக்கிறார். இதெல்லாம் முருகேசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செவ்வாய் மாலை இலுப்பூர் போனேன். பந்தலுக்குள் நுழையத் துணிவின்றி எதிர்ப்பக்கம் நின்றேன். கூட்டம் அதிகமில்லை. செல்வி என்னைப் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தார்.

“வீடு கட்டுறப்ப ஒருநா அவங்களத் திட்டிட்டேன். நீங்க அப்பவே ஊரக் கூட்டியிருந்தா எங்காத்தா இருந்திருக்கும்னு சொன்னேன். ‘ஆமா தாயி’ன்னாங்க. வேற ஒரு வார்த்தை சொல்லல.” சிறிது நிறுத்தினார். “நீங்க இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுப் பக்கமே வரல.”

செல்வி அழவில்லை. பந்தலுக்குத் திரும்பிப் போய், அம்மையாரின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் செல்வியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை மேசைக்குள் போட்டதையும், அன்று மாலை இலுப்பூருக்குப் போனதையும். முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மேடம், நீங்கள் எழுதியதில் உங்கள் தவறு என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அதுவும் என்னுடையதுதான். அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.