லிஃப்டுக்குள் ஓர் அமெரிக்க ஊர்

கியாக்டடா வட்டாரத்தில் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்து லிஃப்டில் நானும், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரும் மட்டும் ஏறினோம். மூன்றாம் மாடியை நெருங்கும்போது மின்சாரம் போய் லிஃப்ட் நின்றது. எனக்கு மூச்சு முட்டியது. கதவைத் தட்டித் தட்டி அழ ஆரம்பித்துவிட்டேன்.

“மீதான் போயிருச்சு, கரண்டு வந்துரும்மா. இங்க பாருங்க,” என்றார் அவர். வெள்ளைச் சட்டை போட்டு, பர்மியக் கைலியான லோஞ்சி கட்டியிருந்தார். அக்குளில் ஒரு கோப்பு. கைப்பேசி வெளிச்சத்தில் தன் உள்ளங்கையில் விரலால் கோடு இழுத்தார்.

“இது ஆறு. ஊருக்கு மேற்கால ஓடுது. மத்த மூணு பக்கமும் சோளக்காடு. நடுவுல ஒரே ரோடு. ஆயிரம் பேருகூட இல்ல. நம்ம தாமுவே பேட்டையில ஒரு தெருவுக்குக் காணாது. அமெரிக்காவுல எம்மக இருக்கிற ஊரு.”

அவர் விரல் போன வழியெல்லாம் நானும் போனேன். அழுகை நின்றது.

“எப்போ போயிட்டு வந்தீங்க?”

“போனதே இல்லம்மா. மூணு தடவ விசா கேட்டேன், தரல. இப்பப் பேத்தி பொறந்திருக்கா. மறுபடி விசாவுக்கு எழுதிக் குடுக்கத்தான் மேல போறேன்.”

விளக்கு எரிந்தது. மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் வெளியே பாய்ந்து, படிகளில் இறங்கி ஓடினேன். தெருவில் நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாதது உறைத்தது. அதற்குள் அவர் அதே லிஃப்டில் மேலே போயிருந்தார்.